கையால் அமுக்க வேண்டிய பெடல்

கார் ஓட்டத் தெரியாத ஒருவர் வீட்டில் உட்கார்ந்து விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது அவருடைய மாமனாருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. மாமனார் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவருக்குச் சொந்த மாப்பிள்ளையை மட்டும் தேற்ற முடியவில்லை. கடைசிப் பாடத்தன்று மாப்பிள்ளை ஸ்கூல் வண்டியைக் கொண்டுபோய் ஒரு கேட் தூணில் முட்டினார். முன் பம்பரில் அந்த நசுங்கல் இன்னும் இருக்கிறது. "அதத் தட்டி எடுக்க வேணாம், அது எங்க மாப்பிள்ளையோட கையெழுத்து" என்று மாமனார் அப்படியே விட்டுவைத்துவிட்டார்.

அந்த வண்டியில் பிரேக் இரண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்து இருக்கையில் உட்காரும் வாத்தியார் காலடியில் ஒன்று. இரண்டையும் ஓர் இரும்புக் கம்பி இணைத்தது. வாத்தியார் அமுக்கினால் கற்றுக்கொள்பவரின் பெடலும் தானாகவே உள்ளே போகும். பெரும்பாலோர் பதற்றத்தில் அதைக் கவனிக்க மாட்டார்கள். தாங்களே நிறுத்திவிட்டதாக நினைத்துப் பூரித்துப்போவார்கள். மாமனாரும் மூச்சு விடமாட்டார். ஆனால் கடைசி நாளில் மட்டும் இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் மடக்கிப் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு நான் இல்ல" என்பார். மாப்பிள்ளை தூணில் முட்டியது அப்போதுதான். அதற்குப் பிறகு அவர் ஸ்டீயரிங் பக்கமே போகவில்லை.

மாப்பிள்ளைக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்குப் பார்வை சோதித்து எண் எழுதிக் கொடுப்பார். வேலையில் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். வயதானவர்கள் சிலர் காத்திருக்கும்போதே கதவு இடுக்கு வழியாகப் பலகையிலுள்ள எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து கடகடவென்று ஒப்பிப்பார்கள். இவர் சிரித்துக்கொண்டே எழுந்துபோய்ப் பலகையை மாற்றிவிட்டு வருவார். "எங்கிட்ட பாஸ் பண்ணி என்னங்க ஆகப்போகுது, ரோட்டுல கண்ணு தெரியணும்ல" என்பார். அவர்கள் முகம் தொங்கிப்போகும். இவர் இரக்கப்பட்டதே இல்லை.

அவருடைய விமானம் மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் இருந்தது. விமானம் ஓட்டும் விளையாட்டு ஏற்றிய ஒரு கம்ப்யூட்டர், பெரிய திரை, மேசைக்கடியில் கால் பெடல், மேசை விளிம்பில் திருகி இறுக்கிய யோக். யோக் என்பது விமானத்தின் ஸ்டீயரிங். பக்கவாட்டில் திருப்பலாம், உள்ளே தள்ளலாம், தன் பக்கம் இழுக்கலாம். அதை வாங்குவதற்கு முன் அவர் பட்ட பாட்டைப் பெண் பார்க்கும்போதுகூடப் பட்டதில்லை என்பது அவர் மனைவியின் புகார். நடுவில் பிடித்து ஆட்டினால் தொளதொளப்பு இருக்கிறதா, இழுக்கும்போது ஓரிடத்தில் சிக்கி அப்புறம் வழுக்குகிறதா, மேசைப் பிடிமானம் இறுகி நிற்குமா, எல்லாம் விசாரித்துத்தான் வாங்கினார். அவரைப் போன்ற வீட்டு விமானிகள் இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அங்கே புதிதாக வருகிறவர்களுக்கு இவர்தான் வாத்தியார். தரையில் தேறாதவர் ஆகாயத்தில் பாடம் நடத்தினார்.

அவர் எல்லோருக்கும் சொல்லும் சட்டம் ஒன்று உண்டு. பெடலுக்கு அளவு வைக்கும்போது காலை வைக்காதே, குனிந்து உட்கார்ந்து கையால் அமுக்கு. அளவு வைப்பது என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முழுக்க அமுக்கு, முழுக்க விடு என்று கம்ப்யூட்டர் கேட்கும். நாம் செய்து காட்டியதை வைத்து, எங்கே பூஜ்யம், எங்கே நூறு என்று அது குறித்துக்கொள்ளும். கால் சோம்பேறி. முக்கால் தூரத்தில் நின்றுவிடும். கம்ப்யூட்டர் பாவம், அதையே முழுசு என்று நம்பிவிடும். இதை அவர் எத்தனை பேருக்கு எழுதியிருப்பாரோ.

மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது எதிர்பாராதது. மாமியார் போன பிறகு தனியாக இருந்த மனிதரை மகள் தன் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள். பேச்சு திரும்பியது, வலது கை ஓரளவு திரும்பியது, வலது பாதம் மட்டும் திரும்பவில்லை. நடந்தால் பெருவிரல் தரையை இழுத்துக்கொண்டே வந்தது. பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு ரப்பர் பட்டையைக் கொடுத்து, பாதத்தில் மாட்டி முன்னும் பின்னும் அசைக்கச் சொன்னாள். மாமனார் அதை ஜன்னல் வழியாக வீசிவிட்டு, "ரப்பர் பேண்டோட குடும்பம் நடத்தற வயசா எனக்கு" என்றார். அதுதான் அந்த மாதங்களில் அவர் அடித்த ஒரே ஜோக். மற்ற நேரமெல்லாம் ஜன்னல் ஓரத்தில், வாசலில் உறை போட்டு நின்ற ஸ்கூல் வண்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஊரையே அதட்டியவர் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட வாய் திறக்காமல் இருந்தது வீட்டில் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் பேத்திதான் அவரைக் கையைப் பிடித்து அந்த அறைக்கு இழுத்துவந்தாள். அவர் யோக்கைப் பிடித்துப் பார்த்தார்.

"இத இழுத்தா?"

"மூக்கு மேல தூக்கும், மாமா."

"தள்ளினா?"

"கீழ போகும்."

"ரொம்ப தள்ளினா?"

"எல்லாரும் கீழ போயிடுவோம்."

மாமனார் சிரித்தார். சமையலறையில் மகள் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

அப்புறம் அவர் மேசைக்கடியில் குனிந்து பெடலைப் பார்த்தார். பாதத்தை முன்னே நீட்டினால் விமானம் பக்கவாட்டில் திரும்பும், நுனிப்பாதத்தை மட்டும் சாய்த்து அமுக்கினால் சக்கரத்துக்குப் பிரேக் என்று மாப்பிள்ளை விளக்கினார். பிரேக் என்றதும் கிழவரின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பயிற்சிக்காரப் பெண் ரப்பர் பட்டையை வைத்துச் செய்யச் சொன்னதும் ஏறக்குறைய இதே அசைவுதான் என்று மாப்பிள்ளைக்கு அப்போது தோன்றியது. மனதுக்குள் தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

பழைய பெடல் எடை குறைந்த பிளாஸ்டிக். வலுவில்லாத காலை அதில் சாய்த்தால் வழவழத் தரையில் வழுக்கிக்கொண்டு சுவர் வரை போனது. ஆகவே மாமாவுக்கென்று புதிது தேடினார். அடித்தகடு இரும்பாக இருக்க வேண்டும், தேய்ந்துபோகிற உள்பாகம் இல்லாமல் காந்தத்தை வைத்து அளப்பதாக இருக்க வேண்டும், ஸ்பிரிங்கை மாற்றிக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும். தேடிப் பிடித்து வாங்கியும் விட்டார். பெட்டிக்குள் கடினமானது, நடுத்தரம், மென்மையானது என்று ஸ்பிரிங்குகள் வந்திருந்தன. அவர் மென்மையானதை மாட்டினார். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

தப்பு அடுத்தபடியில் நடந்தது. அளவு வைக்க உட்கார்ந்தபோது மாமனார் ஏற்கெனவே நாற்காலியில் இருந்தார், இரண்டு பாதங்களும் பெடல் மேல். அவரை எழுப்பினால் காலைக் கையால் தூக்கி இறக்க வேண்டும், மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், முகம் சுருங்கிவிடும். சரி, இப்போதைக்கு அவரே அமுக்கட்டும், அப்புறம் நாம் கையால் ஒரு தடவை சரி செய்துவிடலாம் என்று மாப்பிள்ளை நினைத்தார். தன்னுடைய ஒரே சட்டத்தைத் தானே மீறினார்.

இடது பாதம் பெடலை அடி வரை கொண்டுபோனது. வலது பாதம் தவித்தது. கழுத்து நரம்பு புடைக்க அமுக்கியும் பெடல் மூன்றில் ஒரு பங்குகூட இறங்கவில்லை. கம்ப்யூட்டர் அதையே குறித்துக்கொண்டது. மறுபடி அமுக்கச் சொன்னபோது திரையில் பச்சைக் கோடு விறுவிறுவென்று ஏறி விளிம்பைத் தொட்டது. பக்கத்தில் எண் வந்தது.

"மாப்பிள்ளை, நூறு" என்றார் மாமனார். நம்பாத குரல்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். மாமனார் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா மாமா" என்றார் மாப்பிள்ளை.

பேத்தி கை தட்டினாள். மகள் ஓடிவந்து திரையைப் பார்த்தாள், அப்பாவின் காலைப் பார்த்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை மேசைக்கடியில் புகுந்து வயரைச் சரி செய்கிற மாதிரி சும்மா பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கையால் அளவு வைத்துவிட வேண்டும் என்றுதான் எழுந்தார். ஆனால் மாமனார் அதற்குள் தானே முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே கிடந்த ரப்பர் பட்டையைப் பேத்தியை விட்டு எடுத்துவரச் சொல்லிக் காலில் மாட்டியிருந்தார். இட்டதைச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார். இந்த மனிதரிடம் போய், மாமா, நேற்று வந்தது நூறு இல்லை என்று எந்த வாயால் சொல்வது? மாப்பிள்ளை பையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கம்பி நீட்டினார்.

அதற்கப்புறம் அது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. கால் சோர்ந்திருக்கும் நாளில் கோடு விளிம்பைத் தொடாது. மாமனார் அன்று முழுவதும் யாரிடமும் பேச மாட்டார். மாப்பிள்ளை ஏதோ சாக்குச் சொல்லி உட்கார்ந்து நூறுக்கான எல்லையைக் கொஞ்சம் கீழே இறக்கிவைப்பார். அடுத்த தடவை நூறு வரும். கால் நன்றாக இருக்கும் நாளில் கோடு சட்டென்று விளிம்பில் போய் இடித்து நிற்கும், அதற்கு மேல் எவ்வளவு போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தினமும் நூறு. மாமனார் அதைப் பக்கத்து வீட்டில் சொன்னார், பால் போடுகிறவரிடம் சொன்னார், போனில் பழைய மாணவர்களைக் கூப்பிட்டுக்கூடச் சொன்னார்.

கடையில் ஒரு நாள் ஒரு பெரியவர் பலகையைக் கடகடவென்று ஒப்பித்தார். மனப்பாடம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, கீழ் வரியை மேல் வரிக்கு முன்னால் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வழக்கம்போல எழுந்து பலகையின் விளிம்பைப் பிடித்தார். கை அங்கேயே நின்றுவிட்டது. இவரைப் பிடிக்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நினைத்தபோது காது மடல் சுட்டது. பலகையை மாற்றத்தான் செய்தார். ஆனால் அன்று அவரால் சிரிக்க முடியவில்லை.

வினை, மகளின் ஷிப்ட் வடிவில் வந்தது. அவள் வேலை பார்த்த தொழிற்சாலை அலுவலகத்தில் திங்கள்கிழமை முதல் அவளுக்கு விடிகாலை ஷிப்ட். அதுவரை தன் காரில் குழந்தையைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தவள் அவள்தான். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த வேறு ஆள் யார் என்று சொல்லவே வேண்டாம்.

"நான் எதுக்கு இருக்கேன்" என்றார் மாமனார், சாப்பிட்டுக்கொண்டே. "நம்ம வண்டி சும்மாதானே நிக்குது. நான் கொண்டுபோய் விடறேன்."

"டாக்டர் வேணாம்னாரேப்பா."

"கால் தேறட்டும்னார். தேறிடுச்சு. நூறு வருது. அதுக்கு மேல எண்ணே இல்லயேம்மா."

மாப்பிள்ளை அவசரமாகக் குறுக்கிட்டார். "பள்ளிக்கூட வேன் ஒண்ணு வருதே மாமா, அதுக்குச் சொல்லிட்டா..."

"வேன்ல பிள்ளைங்கள அடைச்சு எடுத்துட்டுப் போறத நான் பாத்திருக்கேன். அந்த டிரைவருக்கு ஓட்டக் கத்துக் கொடுத்ததே நான்தான். அவன் லட்சணம் எனக்குத் தெரியும்."

"தாத்தாகூடத்தான் போவேன்" என்றது குழந்தை.

மகள் கணவரைப் பார்த்தாள். "நீங்கதானே தினமும் பக்கத்துல உக்காந்து பாக்கறீங்க. அப்பா கால் எப்படி இருக்கு, சொல்லுங்க."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டிய நேரம் ஒன்று இருந்தது என்றால் அது அதுதான். ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இதுவரை கம்ப்யூட்டர் சொன்ன பொய்க்கு ஆமாம் போட்டதோடு சரி. இப்போது அவரே வாயால் சொல்லிவிட்டார். பெற்ற பிள்ளையை அந்த வண்டியில் ஏற்றத் தானே கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. தட்டில் இருந்தது இறங்கவில்லை.

பிறகு துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் போய் நின்றார். ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த நூறு இருக்கில்ல..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும்" என்றாள் அவள். அவர் போர்வை முனையை இறுகப் பிடித்தார். "நான் உங்களுக்குச் சொல்லவே இல்ல. அந்த ரூமுக்குள்ள போய் அடைஞ்சுக்கறீங்கன்னு எவ்வளவு திட்டியிருப்பேன். எங்கப்பாவ எனக்குத் திரும்பக் கொடுத்தது அந்த ரூம்தான். நீங்கதான்." போர்வையை மடித்தபடியே நடந்துவந்து அவர் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டாள். "என்ன சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார். மென்று முழுங்கிக்கொண்டு வெளியே வந்தார். தன்னைப் போல ஒரு கோழை இந்தத் தெருவில் இருக்க முடியாது என்று நினைத்தார், அது சரியாகத்தான் இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் வண்டியின் உறையை உருவினார். கண்ணாடியைத் துடைத்தார். ஒரு வாளித் தண்ணீரில் சக்கரங்களைக் கழுவினார். பிறகு சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, "வாங்க மாப்பிள்ளை, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். நாளைக்குப் பிள்ளைய ஏத்தறதுக்கு முன்னாடி நீங்களும் ஒரு தடவை பாத்துக்கங்க. உங்களுக்கும் நிம்மதி" என்றார்.

போகும் வழியில் சொல்லிவிடலாம் என்று மாப்பிள்ளை ஏறினார். ஏறிய பிறகுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்தது. வாத்தியார் இருக்கை. காலடியில் அந்த இரண்டாவது பிரேக், மாமனாரின் செருப்புத் தேய்த்துத் தேய்த்து ரப்பர் வழவழத்துப்போயிருந்தது.

மாமனார் வலது காலைக் கையால் தூக்கிப் பெடல் பக்கம் வைத்தார். வண்டி கிளம்பியது. தெருவின் பின்பக்கம் பூட்டிக் கிடந்த கிடங்குகளுக்கு நடுவே ஒரு நீளச் சந்து உண்டு. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களை அவர் முதலில் அங்கேதான் கூட்டிப்போவார். ஞாயிற்றுக்கிழமையாதலால் ஆள் அரவம் இல்லை. சந்தின் கோடியில் நீல நிற இரும்புக் கதவு.

"பாத்தீங்களா" என்றார் மாமனார். ஸ்டீயரிங்கில் கை சரளமாகப் போனது. முகத்தில் பழைய அதட்டல் திரும்பியிருந்தது. "கை மறக்காது. வண்டி நம்ம பேச்சக் கேக்கும்."

"மாமா, ஒரு விஷயம்..."

"இருங்க, நிறுத்திட்டுப் பேசலாம்."

அவர் காலை எடுத்துப் பிரேக்குக்கு நகர்த்தினார். நகர்த்தியது மெதுவாக இருந்தது. பெருவிரல் ஒரு தடவை பெடல் விளிம்பில் தட்டியது. பிறகு பாதம் மேலே ஏறியது. அமுக்கினார். வண்டி கொஞ்சம் தயங்கிய மாதிரி இருந்தது, அவ்வளவுதான். நீலக் கதவு பெரிதாகிக்கொண்டே வந்தது. மாமனாரின் கழுத்து நரம்பு புடைத்தது. மாப்பிள்ளை அந்த நரம்பைத் தினமும் பார்த்தவர். அவர் கால் தானாகக் கீழே போனது.

வண்டி நின்றது. கதவுக்கும் பம்பருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கலாம், அவ்வளவு இடம் இருந்தது.

மாமனார் கை பிரேக்கை இழுத்தார். எஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க அமுக்கினீங்களா?"

"இல்ல மாமா" என்றார் மாப்பிள்ளை. ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. கால் இன்னும் பெடல் மேல்தான் இருந்தது.

"என் கால் இன்னும் மேலேயே நிக்குது" என்றார் மாமனார், மெதுவாக. "பெடல் கீழ போயிடுச்சு. என் பாதத்த விட்டுட்டுத் தனியா எறங்கிப் போகுது, மாப்பிள்ளை. நான் இந்த வேலையத்தான் வாழ்க்கை பூரா பண்ணியிருக்கேன். எங்கிட்டயே சொல்றீங்க."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு வருகிற பயம் அவருக்கு வரவில்லை, வந்தது ஒரு விதமான ஓய்ச்சல்தான்.

"அந்தப் பெட்டியிலயும் இப்படித்தானா?" என்று கேட்டார் மாமனார். "அந்த நூறு?"

"ஆமா மாமா."

"யாரு? கம்ப்யூட்டரா, நீங்களா?"

"மொத நாள் கம்ப்யூட்டர். அதுக்கப்புறம் நான்."

மாமனார் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். கோபப்பட்டால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன் வலது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நானும் எத்தனையோ பேருக்கு அமுக்கியிருக்கேன். சொன்னா கை நடுங்கிடும்னு சொல்லவும் மாட்டேன். அது தப்பில்ல. ஆனா அவங்க ரோட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கால எடுத்துடுவேன். தெரிஞ்சுக்கட்டும்னு. நீங்க தூண்ல இடிச்சீங்க. இடிச்சதனாலதான் இத்தன வருஷமா யாரையும் இடிக்காம இருக்கீங்க." நிறுத்தி மூச்சு வாங்கினார். "நாளைக்குப் பிள்ளையோட கெளம்பறேன். நீங்க எப்போ கால எடுக்கறதா இருந்தீங்க?"

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது. அழுவதற்குக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டதால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது போகட்டும்" என்றார் மாமனார். "நெஜமா எவ்வளவு வருது?"

"இப்பவா மாமா... கால்வாசி, மூணுல ஒரு பங்கு..."

"மொத நாளு?"

"அதுவும் கிட்டத்தட்ட..." மாப்பிள்ளைக்கு அப்போதுதான் தான் செய்த முழுக் காரியமும் புரிந்தது. "தெரியல மாமா. எல்லைய நான் மாத்திக்கிட்டே இருந்தேன். எங்க இருந்து எங்க வந்திருக்குன்னு... எனக்கே தெரியாது."

"அப்போ தேறியிருந்தாலும் தெரியாது."

"தெரியாது மாமா."

"ரப்பர கட்டிக்கிட்டு அவ்வளவு இழுத்தேன்" என்றார் மாமனார். "கொஞ்சமாவது தேறியிருக்கும். அந்தக் கொஞ்சம் எவ்வளவுன்னு பாத்திருந்தா எனக்குப் போதும், மாப்பிள்ளை. நூறெல்லாம் யாரு கேட்டா?"

பொய் சொன்னதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. இருந்த ஒரு உண்மையான கொஞ்சத்தையும் தானே அழித்துவிட்டோம் என்பதுதான் மாப்பிள்ளையை அறுத்தது. மன்னிச்சுடுங்க என்று சொன்னார். சொன்னது அவர் காதுக்கே போதாமல் இருந்தது.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும். ஒருவருக்குக் கால் இல்லை, ஒருவருக்குத் தைரியம் இல்லை. மாமனார் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு, கிடங்குச் சந்துக்கு வா என்று மட்டும் சொன்னார்.

அவள் வீட்டுச் செருப்போடு வேகவேகமாக நடந்துவந்தாள். நீலக் கதவையும் பம்பரையும் பார்த்தாள். ஜன்னலில் குனிந்து இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னாச்சு? இடிச்சுட்டீங்களா?"

"இல்லம்மா. நான் வேன்காரனுக்குப் போன் பண்ணிடறேன். நாளைலேருந்து பிள்ளை அதுல போகட்டும்."

"ஏன்ப்பா? நூறு வந்துச்சே."

மாமனார் கதவைத் திறந்து, கூரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பெருவிரல் தரையைத் தேய்க்க வண்டியைச் சுற்றிவந்தார். மாப்பிள்ளை இறங்கிப் பின் இருக்கைக்குப் போனார். மகள் ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். சாவியை வாங்கியவள் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, பதிலுக்காக அப்பாவைப் பார்த்தாள்.

மாமனார் தன் பழைய இருக்கையில் அமர்ந்தார். முதலில் இடது காலைத் தூக்கி இருக்கை மேல் மடக்கினார். பிறகு வலது காலை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கி, சிரமப்பட்டு, அதையும் மடக்கிப் போட்டுக்கொண்டார். அவர் காலடியில் இரண்டாவது பிரேக் தனியாக நின்றது. அவர் பின்னால் திரும்பவில்லை.

"மாப்பிள்ளை சொல்வார்" என்றார்.

மகள் கண்ணாடி வழியாகக் கணவரைப் பார்த்தாள். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. மாப்பிள்ளை முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பெடலுக்கு அளவு வைக்கும்போது" என்று ஆரம்பித்தார், "கால வைக்கக் கூடாது. கையாலதான் அமுக்கணும். அது எனக்குத் தெரியும்."